தாயின் பக்கத்திலேயே, தனி இடத்தில்: குழந்தைத் தூக்கம் பற்றி நியூசிலாந்து கற்ற பாடம்

நன்றாகப் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய குழந்தையை இரவில் தூங்கப் போடுகிறார்கள். காலையில் அது எழுவதில்லை. உடற்கூறாய்வு செய்தாலும் காரணம் பிடிபடுவதில்லை. மருத்துவம் 'திடீர் சிசு மரணம்' என்று பெயரிட்டிருக்கும் இந்தத் துயரம், 1980களில் நியூசிலாந்தில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ நான்கு என்ற அளவில் நடந்துகொண்டிருந்தது. உலகிலேயே மிக மோசமான விகிதங்களுள் அதுவும் ஒன்று.

குழந்தை மருத்துவர் எட் மிட்செல் தலைமையிலான குழு 1987 முதல் 1990 வரை நாடு முழுவதும் ஆய்வு நடத்தி, இறந்த குழந்தைகளின் சூழலையும் நலமாக இருந்த குழந்தைகளின் சூழலையும் ஒப்பிட்டுப் பார்த்தது. குப்புறப் படுக்கவைப்பது, தாயின் புகைப்பழக்கம், தாய்ப்பால் கொடுக்காமை ஆகிய மூன்றும் ஆபத்தைக் கூட்டுவது தெரிந்தது. குழந்தையும் பெரியவரும் ஒரே படுக்கையில் தூங்குவது, அதிலும் தாய் புகைப்பவராக இருந்தால், ஆபத்தைப் பல மடங்காக்கும் என்பதும் வெளிவந்தது. 1991இல் நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

குப்புறப் படுக்கவைக்கும் வழக்கத்தை மேலை நாடுகளில் பரப்பியவர்கள் பாட்டிமார்கள் அல்ல, மருத்துவர்களே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் கோடிக்கணக்கான பிரதிகள் விற்றது. மல்லாக்கப் படுத்த குழந்தை வாந்தியெடுத்தால் மூச்சடைக்கும் என்று அஞ்சிய அவர், 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்பில் குப்புறப் படுக்கவைப்பதையே பரிந்துரைத்தார். கிடைத்திருந்த ஆதாரங்களை ஒழுங்காகத் தொகுத்துப் பார்த்திருந்தால் 1970 வாக்கிலேயே ஆபத்து புரிந்திருக்கும். ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று 2005இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தாய்மாருக்கு அறிவுரை சொல்லப் போகும் ஒவ்வொருவரும் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'டாக்டர் சொன்னார், செய்யுங்கள்' என்பது போதாது, ஏன் என்று விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த விளக்கம் ஒன்றும் கடினமல்ல. "மல்லாக்கப் போட்டால் பால் புரையேறாதா?" என்று எந்தத் தாயும் கேட்பாள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமென்றால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிறது. ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினாலே புரிந்துவிடும். அதேபோல, தாடையை மார்போடு அழுத்திக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்க்கும்படி தாயிடமே சொல்லலாம். கழுத்து நிற்காத குழந்தையை வளைந்த இருக்கையிலோ தலையணை மேலோ தூங்கவைக்கக் கூடாது என்பதற்கான காரணத்தை அவளே உணர்ந்துகொள்வாள்.

நியூசிலாந்தின் அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. 1991 பிரசாரத்துக்குப் பிறகு மற்றவர்களிடம் மரணங்கள் குறைந்த அளவுக்கு, அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடம் குறையவில்லை. குழந்தையை அணைத்துக்கொண்டு தூங்குவது அவர்கள் வாழ்வோடு கலந்தது. 'பக்கத்தில் போடாதே' என்ற கட்டளை, 'நீ நல்ல தாய் இல்லை' என்ற குற்றச்சாட்டாகவே அவர்கள் காதில் விழுந்தது. இப்படிப்பட்ட இடத்தில் தாய் எதிர்த்துப் பேச மாட்டாள். எதிரில் தலையாட்டிவிட்டு, ராத்திரி தன் விருப்பப்படியே செய்வாள்.

இங்கேதான் மாவோரி மருத்துவர் டேவிட் டிப்பெனே-லீச்சும் கூடை முடையும் பெண்களும் சேர்ந்து வேறொரு வழியைக் கண்டார்கள். நியூசிலாந்து ஆளி என்ற செடியின் இலைகளால் முடைந்த, அடிப்பக்கம் தட்டையான நீள்வடிவக் கூடை அது. பெயர் வஹாகுரா. 2006 வாக்கில் பரவத் தொடங்கியது. பெற்றோரின் படுக்கை மேலேயே இதை வைத்துக்கொள்ளலாம். தாய் கை நீட்டித் தொடலாம், பாலூட்டலாம். ஆனாலும் குழந்தைக்கென்று தனி இடம் இருக்கும், பெரியவரின் உடம்போ போர்வையோ முகத்தை மூடாது. 2011 கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் வீடிழந்த குடும்பங்களுக்காக, சாதாரண பிளாஸ்டிக் பெட்டியில் மெத்தை பொருத்திய 'பெப்பி-பாட்' என்ற படுக்கையும் வந்தது.

படுக்கையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. கொடுப்பவர்களுக்குப் பயிற்சி உண்டு. ஒவ்வொரு தாயோடும் உட்கார்ந்து பேச வேண்டும். தனி இடத்தில், மல்லாக்க, முகம் மூடாமல், புகையில்லாமல், தாய்ப்பாலோடு என்ற செய்தியைச் சொல்ல வேண்டும். பிறகு, 'இதை உங்கள் அக்கம்பக்கத்திலும் உறவிலும் சொல்லுங்கள்' என்று அந்தத் தாயையே பொறுப்பேற்கச் சொல்ல வேண்டும். கேட்டுக்கொள்பவளாக வந்தவள் சொல்லிக்கொடுப்பவளாகப் போகிறாள். என் பார்வையில் இந்தத் திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

2009க்கும் 2015க்கும் இடையில், பிறந்த முதல் வாரத்தைக் கடந்த பின் நேரும் சிசு மரணங்கள் நியூசிலாந்தில் 29 சதவீதம் குறைந்தன. குறைவு அதிகம் தெரிந்தது மாவோரிக் குழந்தைகளிடம். 200 தாய்மார்களைக் கொண்ட ஓர் ஆய்வில், வஹாகுரா பெற்றவர்களில் ஆறாம் மாதத்திலும் முழுமையாகத் தாய்ப்பால் கொடுத்தவர்கள், சாதாரணத் தொட்டில் பெற்றவர்களைப் போல இரு மடங்கு. தாயைப் பிரிக்காத அறிவுரை பாலையும் காப்பாற்றுகிறது.

பயிற்சி கொடுத்துவிட்டாலே எல்லாம் முடிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 16 மருத்துவமனைகளில் 1,600 தாய்மார்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. பிரசவ வார்டு செவிலியர்களுக்கு மட்டும் கொடுத்த பயிற்சி தனியாகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. வீடு திரும்பிய பின் 60 நாள்கள் கைபேசியில் குறுங்காணொளிகள் பெற்ற தாய்மார்களில் 89 சதவீதம் பேர் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தனர். அவை கிடைக்காதவர்களில் 80 சதவீதம். காரணம் ஊகிக்கக்கூடியதே. வார்டில் தாய் வலியிலும் களைப்பிலும் இருக்கிறாள். குழந்தை ஓயாமல் அழும் பன்னிரண்டாம் நாள் இரவில், 'குப்புறப் போடு, தூங்கிடும்' என்று வீட்டில் யாரோ சொல்லும்போதுதான் அவளுக்குத் துணை தேவை.

ஆகவே ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள், தாயோடு பேசுவதற்கு மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது. பாட்டியையும் தகப்பனையும் கூட உட்காரவைத்துப் பேசப் பழக்க வேண்டும். "ராத்திரி மூன்று மணிக்குப் பால் கொடுக்கும்போது எங்கே உட்காருவீர்கள்?" என்று கேட்கப் பழக்க வேண்டும். சோபாவில் குழந்தையோடு அயர்ந்துவிடுவது படுக்கையைவிட ஆபத்தானது என்பது பல தாய்மார்களுக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் பச்சிளங்குழந்தை இருந்தால், தட்டையான, கெட்டியான இடத்தில், தலையணையும் பொம்மையும் இல்லாமல், மல்லாக்கப் படுக்கவையுங்கள். தூளியில் வளைந்து கிடக்கும் குழந்தையின் தாடை மார்பில் பதிகிறதா என்று பாருங்கள். அந்த அறையில் யாரையும் புகைக்க விடாதீர்கள். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகும் உறவினராக இருந்தால், இதில் ஒன்றையாவது அவளுக்கும் அவள் மாமியாருக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.