மருந்துச் சீட்டில் இடம்பெறாத சிகிச்சை

புற்றுநோய்ச் சிகிச்சை என்றதும் அறுவை, கதிர்வீச்சு, கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சை ஆகிய மூன்றுமே பொதுவாக நினைவுக்கு வருகின்றன. ஆனால் அம்மூன்றையும் நோயாளியின் உடல் தாங்கிக்கொள்ள வேண்டுமானால் வலி, குமட்டல், வாய்ப்புண், காய்ச்சல், மலச்சிக்கல், உறக்கமின்மை, அச்சம் ஆகியவற்றை அன்றாடம் கவனித்துத் தணிக்கும் பணியும் கூடவே நடந்தாக வேண்டும். ஆதரவுச் சிகிச்சை எனப்படும் இப்பணி நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டியது, நோய் குணமான பின்னும் ஆண்டுக்கணக்கில் நீள்வது. இதன் பெரும்பகுதியைச் சுமப்பவர் செவிலியரே.

தில்லி எய்ம்ஸ் வளாகத்திலுள்ள புற்றுநோய் மருத்துவமனைக்கு நகரவாசிகள் மட்டுமன்றி பீகார், உத்தரப்பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் பெருந்திரளாக வருகின்றனர். தர்மசாலைகளில் இடம் கிடைக்காதவர்கள் நடைபாதைகளில் தங்கிச் சிகிச்சை பெறுவதும் அப்பகுதியில் பழகிப்போன காட்சி. இத்தகைய இடத்தில் கீமோதெரபி மருந்தை ஏற்றும் செவிலியரின் பொறுப்பு ஊசி போடுவதோடு முடிவதில்லை. செந்நிறத் திரவமான டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் அவ்விடத்துத் தசை வெந்து ஆறாப் புண்ணாகிவிடும் என்பதால், குழாயில் ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்த பின்னரே மருந்தைச் செலுத்தி, நோயாளி எரிகிறது என்று சொன்ன கணமே செவிலியர் அதை நிறுத்தியாக வேண்டும்.

அதைவிடக் கடினமான கடமை, நோயாளி ஊருக்கு ரயிலேறுமுன் அவருக்குச் சில செய்திகளைப் புரியவைப்பது. மருந்து ஏறிய பின் ஏறத்தாழ ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடுகின்றன. அந்நாட்களில் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், வீட்டில் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தில்லியில் மருந்து ஏற்றிக்கொண்டவருக்கு அந்த ஆபத்து நாட்கள் வருவதோ பெரும்பாலும் பீகார் கிராமம் ஒன்றில். ஆகவே எழுத்தறிவில்லாத உறவினருக்கும் விளங்கும்படி, அவருடைய மொழியிலேயே, பொறுமையாகச் சொல்லப்படும் அந்த ஐந்து நிமிட விளக்கத்தை விலையுயர்ந்த மருந்துக்குச் சமமாகவே மதிக்க வேண்டும்.

மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளியே இப்பணியைக் கொண்டுசென்றதில் தில்லிக்குத் தனி இடம் உண்டு. கனடாவில் படித்துக்கொண்டிருந்தபோது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டு வந்த ஹர்மாலா குப்தா, நோயிலிருந்து மீண்டவர்களே புதிய நோயாளிகளுக்குத் துணைநிற்கும் ‘கேன்சர் சஹயோக்’ குழுவை 1991இல் தொடங்கினார். 1996இல் அவர் நிறுவிய ‘கேன்சப்போர்ட்’ அமைப்பு, மருத்துவர், செவிலியர், ஆலோசகர் அடங்கிய குழுக்களை நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பிக் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்து வருகிறது. இத்தகைய பணிக்கு முன்னோடியாக, லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் மருத்துவ இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலி உடலோடு நிற்பதன்று, அதில் மனமும் குடும்பமும் பணமும் நம்பிக்கையும் கலந்திருக்கின்றன என்று விளக்கினார். அவர் செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரானவர் என்பது இங்கே கருதத்தக்கது.

ஒற்றை அறை வீட்டில் குடும்பமே நோயாளியுடன் உறங்கும் சூழலில், வாய்ப் புற்றுநோயோ மார்பகப் புற்றுநோயோ தோலைத் துளைத்து வெளியே புண்ணாகும்போது எழும் துர்நாற்றம் வலியைவிடக் கொடியதாகிவிடுகிறது. பேரப்பிள்ளைகள் அருகே வரத் தயங்குகின்றனர், நோயாளி தானாகவே மூலையில் ஒதுங்கிக்கொள்கிறார். உப்புநீரால் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கித் தூவித் துணியிட்டுக் கட்டும் முறையைச் செவிலியர் மகளுக்கோ மருமகளுக்கோ கற்றுத் தருகிறார். நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளை அந்த மலிவான மாத்திரை அடக்கிவிடுவதால் பெரும்பாலும் சில நாட்களிலேயே வாடை தணிந்து, மற்றவர்களுடன் உட்கார்ந்து உண்ணும் வாழ்க்கை நோயாளிக்குத் திரும்பக் கிடைக்கிறது.

கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின் மாத்திரையே முதன்மை மருந்து. அதன் மூலப்பொருளான அபினியைச் சட்டபூர்வமாக விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடான இந்தியாவில், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திற்குப் பின் உரிமச் சிக்கல்களுக்கு அஞ்சி மருந்தகங்கள் மார்ஃபினை வைத்திருப்பதையே கைவிட்டதால், நோயாளிகள் பல்லாண்டுகள் வீணே துடித்தனர். 2014ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம நடைமுறையை எளிதாக்கியது. சட்டம் தளர்ந்தாலும் மக்களின் அச்சம் தளரவில்லை. மாத்திரை பழக்கமாகிவிடும் என்று எண்ணி, வலி உச்சத்துக்குப் போன பிறகே கொடுக்கும் குடும்பத்தாரிடம், மணி பார்த்துக் கொடுத்தால்தான் வலி எழாது என்பதையும் கூடவே மலமிளக்கி கட்டாயம் தேவை என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியவர் செவிலியர்தான்.

குணமடைந்தவர்களின் தேவைகள் இன்னும் குறைவாகவே கண்டுகொள்ளப்படுகின்றன. மார்பக அறுவையின்போது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்ட பெண்ணுக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கையில் வீக்கம் தோன்றலாம். வழக்கமான வளையல் இறுகுவதும் ரவிக்கைக் கை பிடிப்பதும் அதன் முதல் அறிகுறிகள். அந்நிலையிலேயே உடற்பயிற்சி, அழுத்தக் கட்டு, தோல் பராமரிப்பு ஆகியவற்றைத் தொடங்கினால் கட்டுப்படுத்த முடியும். முற்றிய பிறகு கடினம். மகளின் திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்று நோயையே மறைத்து வாழும் பெண்கள் இத்தகைய தொல்லையை மருத்துவரிடம் தாமாகச் சொல்வதில்லை. பழகிய செவிலியர் கேட்டால் சொல்கின்றனர். அப்படிப் பழகுவதற்குச் செவிலியர் ஒரே பிரிவில் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டும். புற்றுநோய்ச் செவிலியத்துக்கென இந்தியச் செவிலியர் மன்றம் தனிப் பட்டயப் படிப்பையே வகுத்திருக்கும்போது, அதைப் பயின்றவரைச் சுழற்சி முறையில் வேறு வார்டுக்கு மாற்றுவது அவர் பெற்ற பயிற்சியை வீணாக்குவதாகும். மாற்றலுக்கு உட்படாத தனிப் பணியிடங்களை அரசு மருத்துவமனைகள் உருவாக்குவதே முதலில் நடக்க வேண்டியது.