வாசிப்புப் பரீட்சையும் மாணாக்கரை ஆயத்தஞ் செய்தலும்

இங்கிலாந்திலே 1862ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்திய கல்விக் கோவை, ஆரம்ப பாடசாலைகளுக்கு அரசாங்கம் வழங்கும் நன்கொடையைப் பரீட்சைப் பெறுபேற்றோடு பிணைத்தது. கல்விக் குழுவின் உபதலைவராயிருந்த ராபர்ட் லோ என்பாரின் முயற்சியால் எழுந்த இக்கோவையின்படி, வித்தியாதரிசி ஆண்டுக்கொருமுறை பாடசாலைக்கு வந்து, பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, எண் என்னும் மூன்றிலும் தனித்தனியே சோதிப்பார். மூன்றிலுஞ் சித்தியெய்திய பிள்ளையின் பொருட்டுப் பாடசாலைக்கு 8 சிலிங் கிடைக்கும். ஒவ்வொரு தவறுதலுக்கும் அத்தொகையில் 2 சிலிங் 8 பென்ஸ் குறைக்கப்படும். ஆசிரியரின் ஊதியமும் பல இடங்களில் இந்நன்கொடையையே சார்ந்திருந்தது. ஒரு குழந்தை ஒரு பத்தியை வாசிக்கத் தடுமாறின், அத்தடுமாற்றம் ஆசிரியரின் அடுப்பங்கரை வரை சென்று தாக்கிற்று.

வாசிப்புக்கென ஆறு தரங்கள் வகுக்கப்பட்டிருந்தன. முதற்றரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களாலாய சிறு கதையொன்றை வாசித்தல் வேண்டும். ஐந்தாந் தரத்துப் பிள்ளை செய்யுளடிகள் சிலவற்றை வாசித்தல் வேண்டும். இரண்டாந் தரம் முதல் ஐந்தாந் தரம் வரையும், பாடசாலையிலே வழங்கிய வாசிப்புப் புத்தகங்களிலிருந்தே பகுதிகள் எடுக்கப்பட்டன. கேடு நுழைந்த வாயில் இதுவேயாம். சோதிக்கப்படும் நூல் இன்னதென்பது முன்னரே தெரியுமாதலின், ஆண்டு முழுவதும் அவ்வொரு நூலையே ஓதுவித்து நெட்டுருப் பண்ணுவித்தல் ஆசிரியருக்கு எளிதாயிற்று. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பிழையின்றி ‘வாசித்த’ பிள்ளைகளின் கதைகள் இக்காலப் பகுதியைப் பற்றி இன்றும் வழங்குகின்றன.

புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞராகிய மத்தியூ ஆர்னல்டு 1851 முதல் 1886 வரை வித்தியாதரிசியாகப் பணியாற்றியவர். உண்மையில் வாசிக்க அறியாத பிள்ளைகளையும் சாதுரியமான ஆயத்தத்தினால் வாசிப்பிலே சித்தியெய்துவித்தல் கூடுமென்பதை அவர் தம் அறிக்கைகளிலே எடுத்துக்காட்டினார். இயந்திரம் போன்ற இவ்விளையாட்டிலே ஆசிரியர்களே இறுதியில் வெல்வர் என்பது அவர் கருத்து. இதற்காக ஆசிரியரை மாத்திரம் பழித்தல் நீதியன்று. எதற்குக் கூலி கொடுக்கப்படுகின்றதோ அதனையே அவர்கள் விளைவித்தார்கள். இலங்கையிலும், 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து, பெறுபேற்றுக்கேற்ப நன்கொடை வழங்கும் இம்முறை புகுத்தப்பட்டது. இங்கிலாந்து 1890களிலே இதனைக் கைவிட்டது.

வாய்விட்டு வாசித்தலை விடுத்து, மௌனமாக வாசித்துப் பொருளுணர்தலைச் சோதிக்கும் வழியொன்று பின்னர் அமெரிக்காவிலே உருவாயிற்று. கன்சாஸ் மாநிலத்தில் ஆசிரியப் பயிற்சிக் கல்வியில் ஈடுபட்டிருந்த பிரெடரிக் கெல்லி என்பார் 1915ஆம் ஆண்டளவில் ஆக்கிய பரீட்சை இவ்வகையிலே முன்னோடியாகும். எல்லா மாணாக்கருக்கும் ஒரே வினா, ஒரே கால அளவு; விடையும் ஒன்றே. திருத்துபவரின் மனப்போக்குக்கு அங்கே இடமில்லை. நியமப் பரீட்சை என இன்று வழங்குவதன் இலக்கணம் இதுவே. அதில் வந்த வினாவொன்று பசு, புலி, எலி, ஓநாய் என்னும் நான்கு பெயர்களைத் தந்து, பண்ணைக்குப் பயன்படும் விலங்கின் பெயரைச் சுற்றிக் கோடிடுமாறு பணித்தது. வினாவிலே பசுவின் பயன் எங்கும் கூறப்படவில்லை. அதனை முன்னரே அறிந்த பிள்ளைதான் விடையளிக்கலாம். வாசிப்புத் திறனை மாத்திரம் அளக்கப் புகுந்த பரீட்சை, உலகறிவையும் உடன் அளந்துவிட்டது.

வாசித்தல் சிந்தித்தலேயாம் என்பதை எட்வர்டு தோண்டைக்கு 1917ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் விளக்கினார். பாடசாலை வரவு பற்றிய ஒரு பந்தியைக் கொடுத்து, அப்பந்தியின் பொருள் யாதென அவர் வினவியபோது, சில மாணாக்கர் முதல்வரியை அரை அங்குலம் உள்ளே தள்ளி எழுதவேண்டுமென விடையிறுத்தனர். ‘பந்தி’ என்னும் சொல் அவர்கள் மனத்தை முழுதும் கவர்ந்துகொள்ள, ஏனைய சொற்கள் வலுவிழந்துபோயின. இத்தகைய பிழை வினாவை அரைகுறையாக நோக்குவதனால் விளைவது. ஆசிரியர் உடனிருந்து பயிற்றினால் இதனைத் திருத்தலாம்.

அறிவின்மையால் விளையும் பிழையோ வேறு வகையினது. 1988இல் வெளியான ரெக்ட், லெசுலி என்னும் இருவரின் ஆய்விலே, 64 மாணாக்கருக்குப் பேஸ்போல் ஆட்டமொன்றின் வருணனை வாசிக்கக் கொடுக்கப்பட்டது. வாசிப்புப் பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்றவராயினும் அவ்வாட்டத்தை நன்கறிந்த பிள்ளைகள், மிக்க புள்ளி பெற்றும் ஆட்டத்தை அறியாத பிள்ளைகளைவிட நன்கு விளங்கிக்கொண்டனர். இதில் வியப்பில்லை. அதே வருணனையை நம்மவருட் கற்றறிந்தார் பலர் கையிற் கொடுப்பினும் திகைப்பே மிஞ்சும்; கிரிக்கெட்டு வருணனையாயின் பத்து வயதுச் சிறுவனும் விளக்கவுரை சொல்லுவான். ஆகவே, ஒரு பந்தியிலே தவறிய பிள்ளையை ‘வாசிக்கத் தெரியாதவன்’ என்று முத்திரையிடுமுன், அப்பந்தி எதனைப் பற்றியது என்று கேட்டல் தகும்.

அமெரிக்காவிலே 2002இல் கைச்சாத்திடப்பட்ட கல்விச் சட்டமொன்று மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்புப் பரீட்சையைக் கட்டாயமாக்கிற்று. அது 2015இல் வேறொரு சட்டத்துக்கு இடங்கொடுக்கு முன்னர், பல பாடசாலைகள் வரலாறு, விஞ்ஞானம் முதலிய பாடங்களின் நேரத்தைக் குறைத்து, அந்நேரத்தை வாசிப்புப் பயிற்சிக்கும் கணிதத்துக்கும் ஒதுக்கின. மைய எண்ணம் யாது, ஆசிரியர் கருத்து யாது என்று மாதிரி வினாக்களை நாள்தோறும் செய்வித்தனர். பந்திகளை விளங்குதற்கு வேண்டிய அறிவைத் தரும் பாடங்களே இவ்வாறு பலியாயின. வீட்டிலே நூல்களும் பேச்சும் நிறைந்த பிள்ளை இதனாற் பெரிதும் இழக்கவில்லை; பாடசாலையன்றி வேறு கதியில்லாத பிள்ளையே இழந்தது.

பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தல் வேண்டாமென்பது இதன் கருத்தன்று. வினாத்தாளின் அமைப்பு பிள்ளைக்குப் புதிதாயிருத்தல் கூடாது. சில பழைய வினாத்தாள்களைக் கடிகாரத்தை வைத்துச் செய்வித்தலும், வினாவை முற்ற வாசித்து மீண்டும் பந்திக்குத் திரும்பும் பழக்கத்தை உண்டாக்குதலும் பயன் தரும். ஆனால் அப்பயன் விரைவிலே வற்றிவிடும். அதன்பின் எஞ்சிய நேரத்தை ஒரு பொருளைப் பற்றிச் சில வாரங்கள் தொடர்ந்து வாசிப்பதிலே செலவிடுதல் மேலானது. குளங்களைப் பற்றியாயின் அவற்றின் வரலாறு, மதகின் அமைப்பு, நீர்ப்பங்கீடு என ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும்போது, அதே சொற்கள் வெவ்வேறு இடங்களிலே மீண்டும் மீண்டும் வந்து நிலைபெறும். இதனைத் தமிழாசிரியர் ஒருவரே செய்தல் அரிது. சரித்திர ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் தத்தம் நூல்களை வகுப்பிலே வாசிப்பித்து விளக்குவாராயின் பாதிப் பளு குறையும்.

1862ஆம் ஆண்டுக் கோவையின் ஆறாந் தரத்திலே, செய்தித்தாளிலிருந்தோ அக்கால உரைநடை வேறொன்றிலிருந்தோ எடுத்த பந்தியை வாசிக்குமாறு விதித்திருந்தனர். அத்தகைய பந்தியை முன்கூட்டியே நெட்டுருப் பண்ணுவித்தல் எவர்க்கும் இயலாது. அத்தரத்தை எட்டுமுன்னரே பெரும்பாலான பிள்ளைகள் பாடசாலையை விட்டு வேலைக்குச் சென்றுவிட்டனர்.