ஒருமையா, வேற்றுமையா?

மாந்தர் யாவரும் ஒரே மொழி பேசி, ஒரே நெறியில் நின்றால் உலகம் இன்புறும் என்பர் சிலர். அஃது உண்மையாயின், சுவிற்சர்லாந்து என்றோ சிதைந்திருத்தல் வேண்டும்.

1847ஆம் ஆண்டிலே சமயப் பிணக்கினால் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டில் எழுந்த அரசியலமைப்போ மாநிலங்களின் தன்னாட்சியைப் பேணியது. ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மூன்றையும் தேசிய மொழிகளாக ஏற்றது. மலைநாட்டில் மிகச் சிலரே பேசும் ரோமான்ஷ் மொழியும் 1938இல், வாக்களித்தோருள் நூற்றுக்குத் 90க்கு மேற்பட்டோரின் இசைவுடன், அத்தகுதி பெற்றது.

ஆயினும், அன்று வாக்களித்தோர் யாவரும் ஆடவரே. நாடளாவிய வாக்குரிமை பெண்டிருக்குக் கிடைத்தது 1971இலேதான். மொழியில் வேற்றுமையைப் போற்றிய நாடு, உரிமையிலும் வேற்றுமை காட்டியமை பெருங்குறையன்றோ?

1956இல் ஒரு மொழியை மட்டும் ஆட்சிமொழியாக்கிய நம் இலங்கை, 1987இலேதான் தமிழுக்கும் அத்தகுதியை அளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாம் இழந்தவை எத்துணை! மொழியிலும் வழிபாட்டிலும் வேற்றுமை வாழட்டும். உரிமையில் ஒருமை நிலவட்டும். இன்பம் அவ்விரண்டும் கூடுமிடத்தே பிறக்கும்.