சம்பந்தியம்மாவின் இரட்டை மோதிரம்

கஸாக் பெண்களின் வெள்ளி நகைகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 'சௌகெலே' என்னும் மணமகள் கிரீடத்தில்தான் தொடங்குவார்கள். உயர்ந்த கூம்பு, வெள்ளித் தகடு, பவளம் என்று அது வடிவுதான். என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு மோதிரம்.

'குதாகி ஜுஸிக்' என்பது அதன் பெயர். குதாகி என்றால் சம்பந்தியம்மா, ஜுஸிக், மோதிரம். மேலே அகலமான ஒரே முகப்பு, கீழே இரண்டு வளையங்கள். போட்டால் பக்கத்து விரல்கள் இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். பெண்ணின் தாய் மாப்பிள்ளையின் தாய்க்குக் கொடுப்பது இது. இரண்டு வளையம் இரண்டு குடும்பம், முகப்பு கலியாணம்.

இதன் கனம் விளங்க வேண்டுமென்றால் அவர்களது சம்பந்த வழக்கத்தைப் பார்க்க வேண்டும். எங்கட பக்கம் மாமி மகனுக்கே பெண்ணைக் கொடுப்போம். மாமியார் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவளாக இருப்பாள். கஸாக்கியரிடம் தந்தைவழியில் ஏழு தலைமுறைக்குள் கலியாணம் கூடாது. 'ஜெத்தி அத்தா', ஏழு பாட்டன்மாரின் பெயரைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருப்பதும் அதற்குத்தான். ஆகவே மகள் போவது அந்நியரின் கூடாரத்துக்கு. மந்தையோடு இடம்பெயரும் சனம். நினைத்த நேரம் போய்ப் பார்க்கவும் ஏலாது. 'என் பிள்ளையை நல்லா வெச்சுக்கொள்ளுங்க' என்று வாயால் கேட்கக் கூசும் தாய், அதை வெள்ளியில் கேட்டாள் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

வெள்ளியையே தேர்ந்ததற்கும் காரணமுண்டு. அது சுத்தப்படுத்தும் உலோகம் என்பது அவர்களது நம்பிக்கை. மோதிரம் போட்ட கையால் சமைத்தால்தான் சாப்பாடு சுத்தம் என்பார்கள். பிள்ளையை நாற்பதாம் நாள் குளிப்பாட்டும் தண்ணீரிலும் வெள்ளிக் காசு போடுவார்கள். நாற்பது எங்களுக்கும் பழக்கமான கணக்குத்தானே!

வேலைப்பாட்டில் மேற்குப் பக்கத்து 'ஸெர்கர்'கள், அதாவது தட்டார்கள், தனி ரகம். கடுகு மாதிரி வெள்ளி மணிகளைக் குவித்துக் குட்டிக் கூம்புகளாகப் பற்றவைப்பார்கள். நடுவில் சிவந்த அகீக் கல். செம்மறிக் கடாவின் சுருண்ட கொம்பு எங்கும் வரும் கோலம். பின்னலில் தொங்கும் 'ஷொல்பி' நடக்க நடக்கக் கிலுங்கும்.

1930களின் தொடக்கத்தில் வந்த பஞ்சம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பொன்னும் வெள்ளியும் வாங்கிக்கொண்டு மா கொடுக்கும் 'தோர்க்சின்' என்ற அரச கடைகள் அப்போது இருந்தன. சம்பந்தியம்மாவின் மோதிரமும் அந்தத் தராசில் ஏறியது. கடைக்காரருக்கு அதில் எத்தனை வளையம் என்பது கணக்கில்லை, எடை மட்டும்தான்.