முறைத் தண்ணீரும் கணிப்பொறியின் கெடுவும்

முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் வழக்கத்தை நம் விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவருடைய முறை ஐந்து நிமிஷம் நீண்டால், அந்த ஐந்து நிமிஷமும் கடைமடைக்காரரின் பங்கிலிருந்தே குறையும். நாம் பார்வையிடச் சென்ற ஓர் ஊராட்சியில், முறையை அறிவிப்பதற்குக் கணிப்பொறித் திரை ஒன்றை அமைத்திருந்தனர். ஊர் இளைஞர் ஒருவர் ஆர்வத்துடன் எழுதிய நிரல் அதை நடத்தியது. 24 பேருக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம்; மறுநாள் காலை 6 மணிக்கு மதகை அடைத்துவிடுவர். ஆயினும் கடைசி விவசாயிக்கு 46 நிமிஷ அளவே தண்ணீர் கிடைத்து வந்தது. அவர் முறையிட்டபோது, “இயந்திரம் தவறுமா?” என்று மற்றவர்கள் கேட்டார்களாம். தவறு எங்கே நேர்ந்தது என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருப்பது நலம்.

அந்த நிரல் ‘டிக்கிள்’ என்னும் மொழியில் எழுதப்பட்டது. அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜான் ஓஸ்டர்ஹௌட் என்னும் பேராசிரியர் 1988-ஆம் ஆண்டில் இம்மொழியை உருவாக்கினார். திரையில் சாளரம், பொத்தான் முதலியவற்றை அமைக்க ‘டிகே’ என்னும் துணைக் கருவி இதனுடன் சேர்ந்து பயன்படுகிறது. குறித்த நேரம் கழித்து ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் கட்டளைக்கு ‘ஆப்டர்’ என்று பெயர். காலத்தை மில்லி விநாடியில் குறிக்க வேண்டும். 1000 என்றால் ஒரு விநாடி.

ஊராட்சி அலுவலகத்தில் ஒரே ஓர் எழுத்தர் இருப்பதாகக் கொள்வோம். வரும் மனுக்களை அவர் ஒவ்வொன்றாக வாங்கிக் கவனிக்கிறார். நிரலும் அவ்வாறே பொத்தான் அழுத்துவது, திரையைப் புதுப்பிப்பது ஆகிய நிகழ்ச்சிகளை வரிசையில் வைத்து ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கிறது. ‘ஆப்டர் 5000’ என்று மட்டும் எழுதினால், எழுத்தர் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து விநாடி சும்மா இருப்பதற்கு ஒப்பாகும். அதுவரை திரை அசையாது. பொத்தானும் பலன் தராது. ‘ஆப்டர் 5000’ என்பதோடு செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்து எழுதினால், அவர் அதை நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு மற்ற மனுக்களைக் கவனிப்பார். கெடு வந்ததும் அந்த வேலையைச் செய்வார். இதுவே சரியான முறை.

இந்தக் கெடு ஒரு தடவைக்கு மட்டுமே உரியது. விநாடிதோறும் வேலை நடக்க வேண்டுமானால், வேலை முடியும்போது அடுத்த கெடுவையும் குறித்துவிட வேண்டும். ஒவ்வொரு கெடுவுக்கும் நிரல் ஓர் அடையாளம் தரும். அதைக் காப்பாற்றி வைத்திருந்தால், வேண்டாதபோது ‘ஆப்டர் கேன்சல்’ என்னும் கட்டளையால் கெடுவை நீக்கலாம். அவ்வாறு நீக்காமல் தொடக்கப் பொத்தானை இரு தடவை அழுத்தினால், இரண்டு தொடர்கள் ஓடி, எண்ணிக்கை இரட்டிப்பு வேகத்தில் செல்லும்.

இனி கடைமடைக்காரரின் குறைக்கு வருவோம். கெடுவுக்கு முன்னதாக வேலை நடவாது. ஆனால் எழுத்தர் வேறு மனுவில் ஈடுபட்டிருந்தால் சற்றுப் பின்னால் நடக்கும். இளைஞரின் நிரல் கெடு வந்த தடவைகளை எண்ணி, 3600 ஆனதும் ஒரு மணி நேரம் முடிந்ததாகக் கொண்டது. ஒவ்வொரு தடவையும் 10 மில்லி விநாடி தாமதமானால், ஒரு மணி நேரத்தில் 36 விநாடி மிகும். முதல் 23 பேருக்கும் சேர்த்து 828 விநாடி, அதாவது சுமார் 14 நிமிஷம் ஆகிறது. யாரும் திருடாமலே ஒருவருடைய தண்ணீர் போய்விட்டது!

பரிகாரம் எளிது. தடவைகளை எண்ணக் கூடாது. ஒவ்வொரு முறையும் முடிய வேண்டிய மணியை முன்கூட்டியே குறித்து வைத்து, கெடு வரும்போதெல்லாம் கணிப்பொறியின் கடிகாரத்தைப் பார்த்து மீதி நேரத்தைக் கணக்கிட வேண்டும். அப்பொழுது தாமதம் நேர்ந்தாலும் அது ஒன்றன்மேல் ஒன்றாகச் சேராது. இளைஞர் அன்று மாலையே நிரலைத் திருத்தினார். அடுத்த முறையில் கடைசி வயலுக்கும் முழு மணி நேரம் தண்ணீர் பாய்ந்தது.

ஆகவே, இத்தகைய திரையை ஏற்குமுன் உறுப்பினர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். காத்திருக்கும்போது திரை உறைந்துவிடுகிறதா? பொத்தானை இரு தடவை அழுத்தினால் என்ன ஆகும்? நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறதா, தடவைகளை எண்ணிச் சொல்கிறதா? அதன் பின்னரும் ஒரு நாள் முழுவதும் நல்ல கடிகாரத்துடன் ஒத்துப் பார்ப்பது அவசியம். கடைமடையிலிருந்து ஒருவர் குறை சொல்லி வந்தால், இயந்திரத்தை நம்பி அவரைத் திருப்பி அனுப்பாமல், முதலில் அவருடைய வயலுக்குச் சென்று பார்ப்போமாக.