வீட்டு நாய் வளர்ப்பு: அன்றாடப் பராமரிப்பும் செலவுத் திட்டமும்

கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி வட்டாரங்களில் மாந்தோப்பு வைத்திருப்போருக்கு நாய் ஓர் அலங்காரப் பொருளன்று. காய் முற்றும் மாதங்களில் இரவுக் காவலில் பாதியை அதுவே ஏற்கிறது. அண்மைக் காலமாக, தோப்பில்லாத குடும்பங்களும் பிள்ளைகளின் விருப்பத்திற்காக நாய்க்குட்டி வாங்குகின்றன. வாங்கும் நாளில் விலையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அதற்கு என்ன உணவு, எத்தனை தடுப்பூசி, எவ்வளவு செலவு என்பதை அந்த அளவுக்கு எண்ணுவதில்லை. ஆகவே, அவற்றை இவ்விதழில் விளக்க முற்படுகிறோம்.

தமிழ் வழங்கும் நிலத்தில் நாய்க்கு உரிய மதிப்பு புதிதாக வந்ததன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. ஆநிரை காக்கும் பூசலில் மாண்ட வீரனின் உருவத்தருகே அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு குறிக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் நம் முன்னோர்.

எந்த இனத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதே முதற் கேள்வி. சித்தூர் மாவட்டத்தின் சித்திரை, வைகாசி வெயிலில் சைபீரியன் ஹஸ்கி போன்ற பனிநாட்டு இனங்களை வளர்ப்பது அவ்வுயிருக்கு இழைக்கும் துன்பமென்றே கருதுகிறோம். இரட்டை அடுக்கு மயிர்ப் போர்வை குளிரைத் தாங்குவதற்காக அமைந்தது. குட்டையான மயிருடைய சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராஜபாளையம் ஆகிய நாட்டினங்கள் இத்தட்பவெப்பத்திற்கு ஏற்றவை. இராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டுள்ளது. ஆயினும் அவ்வினத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவதுண்டு. வாங்குமுன் குட்டியின் முதுகுப்புறம் நின்று கைதட்டிப் பார்ப்பது நல்லது. பெயரில்லாத தெருவினத்துக் குட்டியும் சிறந்த காவலாளியே. நோய் எதிர்ப்பிலும் அது பெரும்பாலும் குறைந்ததன்று. எவ்வினமாயினும், 8 வாரம் நிறையாத குட்டியை விற்பதை 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடை செய்கின்றன. தாயிடமிருந்து முன்னதாகப் பிரித்த குட்டி நோய்வாய்ப்படுவதோடு, கடிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் கற்பதில்லை.

உணவைப் பொறுத்தவரை, நம் வீடுகளில் வழக்கமாக இடுவது தயிர்ச்சோறும் மிஞ்சிய சாம்பார்ச் சோறும். சோறு நாய்க்கு ஆகாது என்பது உண்மையன்று. மாச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு மிகுதி என்பதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதரோடு வாழ்ந்து மனிதரின் தானியத்தை உண்ணப் பழகியதன் விளைவு அது. குறை என்னவெனில், சோறு மட்டும் போதாது. புரதமும் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழியிறைச்சி, சிறிது பூசணி அல்லது கேரட் ஆகியவற்றைச் சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன்பின் இரு வேளையும் உணவு போதும். பால் குடித்தபின் வயிறு இளகும் நாய்க்குப் பாலை நிறுத்திவிடுவதே முறை.

கொடுக்கக்கூடாதவை சில உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாம்பார்ச் சோற்றின் தீங்கு அங்கேதான் இருக்கிறது. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும், சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கப்படும் சைலிட்டாலும் நஞ்சாகும். வேகவைத்த கோழியெலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் குத்தும். நம் பகுதிக்கே உரிய ஆபத்து மாங்கொட்டை. சதை ஒட்டிய கொட்டையை நாய் ஆசையாய் விழுங்கிவிடும். அது குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சையே வழி. தோப்புக்காரர்கள் பழக்கழிவைக் குழியிலிட்டு மூடுவது தங்கள் நாய்க்கும் செய்யும் உதவி. மற்றொன்று: மனிதருக்கான பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளை நாய்க்கு ஒருபோதும் கொடுக்கலாகாது.

கோடையில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதத்து மெத்தைகளில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதன் குளிர்ச்சி வழி. நல்ல நிலையிலுள்ள நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 செல்சியஸ் பாகைக்குச் சற்று மேல் வரை. 41-ஐத் தாண்டினால் உயிராபத்து. தகரக் கூரையின் கீழோ, நிழல் நகர்ந்துவிடும் இடத்திலோ சங்கிலியில் கட்டிவிட்டு வெளியூர் செல்வது பெருந்தவறு. ஓயாத இரைப்பும், கெட்டியான உமிழ்நீரும், தள்ளாட்டமும் கண்டால் உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும். தார்ச்சாலையில் நடை பழக்குவோர், புறங்கையைத் தரையில் சில நொடிகள் வைத்துப் பார்க்கட்டும். நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

தூய்மைக்கு நெடிய விளக்கம் தேவையில்லை. இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை குளியல், வாரம் சில முறை சீப்பு, தரையில் தட்டும் ஓசை கேட்குமளவு வளர்ந்த நகத்தை வெட்டுதல் ஆகியவை போதும். மனிதர் சோப்பு நாயின் தோலை வறளச் செய்யும். உண்ணியை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் கீழ் ஆகிய இடங்களை நாள்தோறும் பார்க்கவேண்டும். உண்ணிக் காய்ச்சல் இரத்தத்தட்டுகளைக் குறைத்து நாயைக் கொல்லவல்லது. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை அளவறியாமல் நாய்மேல் தடவுவதும் அதே அளவு கேடானது.

இனி, மிக முதன்மையான செய்தி. வெறிநோய் அறிகுறி தோன்றியபின் மனிதரானாலும் நாயானாலும் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் அது முற்றிலும் தடுக்கத்தக்க நோய். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் தடுப்பூசியைத் தொடங்கினார். தென்னிந்தியாவில் இதற்கென 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் அஞ்சும் பழைய மருந்து இன்று இல்லை. இப்போது அரசு மருத்துவமனைகளில் கடிபட்ட நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் எனத் தோலுக்குள் சிறு ஊசிகள் கட்டணமின்றிப் போடப்படுகின்றன. இரத்தம் கசியும் காயமானால் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படவேண்டும். அதை மருத்துவரிடம் கேட்டுப் பெறத் தயங்கவேண்டியதில்லை.

அதற்கும் முன்பாக, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, பச்சிலை எதையும் அப்பக்கூடாது. வீட்டுக்குட்டிதானே, பல் மட்டும் பட்டது, நகம்தான் கீறியது என்று விட்டுவிடுவதே பல இழப்புகளுக்குக் காரணம். ஐயத்திற்குரிய விலங்கிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்டோர் என உலக நல நிறுவனம் கூறுகிறது. திட்டுக்குப் பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. மறைக்காமல் சொன்னால் திட்டமாட்டோம் என்ற உறுதியை நாய் வீட்டிற்கு வரும் நாளிலேயே அவர்களுக்கு அளித்துவிடுங்கள்.

நாய்க்குரிய தடுப்பூசி முறை எளிது. ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றிற்கான கூட்டு ஊசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடரவேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பின் மருத்துவர் கூறும் நாளில் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். குடற்புழு மருந்து முதலில் இரு வாரத்திற்கு ஒருமுறை, வளர்ந்தபின் மூன்று மாதத்திற்கு ஒருமுறை. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் நாளாக அனுசரிக்கப்படுவதால், அரசு கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் அன்று இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடைபெறுகிறது. கடினமான நோய்களுக்குத் திருப்பதியில் 1955 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருப்பது நம் வட்டாரத்தின் நற்பேறு.

பயிற்சியில் தடியைவிடச் சிறு தின்பண்டம் வலிமையானது. 'உட்கார்', 'வா', 'வேண்டாம்' என்னும் மூன்று சொற்களை, வீட்டார் அனைவரும் ஒரே சொல்லாக, நாளுக்கு இருமுறை ஐந்தைந்து நிமிடம் பழக்கினால் போதும். தெலுங்கில் ஒருவர், தமிழில் ஒருவர் என ஆணையிட்டால் நாய் குழம்பும். நம் ஊர் வீடுகளில் இது அடிக்கடி நேர்வதே! சொன்னபடி செய்த அந்நொடியிலேயே பரிசு கிடைக்கவேண்டும். செருப்பைக் கடித்து ஒரு மணி நேரம் சென்றபின் அடித்தால், எதற்கு அடி என்பது அதற்கு விளங்காது. மூன்று மாதத்திற்குள் விருந்தினர், குழந்தைகள், வண்டி ஓசை ஆகியவற்றை அச்சமின்றிப் பழகிய குட்டி பின்னாளில் காரணமின்றிப் பாய்வதில்லை. நாள் முழுதும் கட்டிக்கிடக்கும் நாய்தான் அவிழ்ந்தவுடன் ஆளைக் கடிக்கிறது. தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடும் நாய்கள் மிகுதியாதலால், கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் கைபேசி எண் இருக்கட்டும்.

இறுதியாகச் செலவு. தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து ஆகியவை எதிர்பார்க்கத்தக்கவை. பார்வோ நோய்க்கான உள்நோயாளி சிகிச்சையோ எலும்பு முறிவோ எதிர்பாராதவை. இரண்டாம் வகைச் செலவு வரும்போதுதான் நாய்கள் கைவிடப்படுகின்றன. மாதம் 500 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்தால் 6,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கையிலிருக்கும். முதிர்வுத் தொகையை எடுக்க நேராத ஆண்டில் அதை நிலை வைப்பாக மாற்றிவிடலாம். பொதுத்துறைப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் நாய்களுக்கும் காப்பீடு வழங்குகின்றன. அதற்கு வயது வரம்பு உண்டு. நாயின் நிறம், அடையாளக் குறிகள், ஒளிப்படம், கால்நடை மருத்துவரின் சான்று ஆகியவை கேட்கப்படும். தடுப்பூசி தவறிய நாய் அதே நோயால் இறந்தால் இழப்பீடு மறுக்கப்படக்கூடும். ஆதலால் ஊசி போட்ட நாள், மருந்தின் தொகுதி எண், மருத்துவரின் கையொப்பம் ஆகியவை உள்ள அட்டையை வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்தே வைத்திருங்கள்.