விளக்கம்: அலுவலக நகைச்சுவைத் தொடர்களில் சிரிப்பு யாரைப் பார்த்து எழுகிறது?

புது தில்லி: காகித விற்பனை நிறுவனம் ஒன்றின் கிளை மேலாளர், ஊழியர்கள் அனைவரையும் கூட்ட அறைக்கு அழைக்கிறார். கணக்குப் பிரிவில் பணியாற்றும் ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்பதை அனைவர் முன்னிலையிலும் போட்டு உடைக்கிறார். பின்னர், தனக்கு எவ்வித வெறுப்பும் இல்லை என்று நிரூபிப்பதற்காக அந்த ஊழியரைக் கட்டியணைத்து, அவரது உதட்டில் முத்தமிடுகிறார். சுற்றி அமர்ந்திருக்கும் சக ஊழியர்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் திகைக்கின்றனர்.

'தி ஆஃபீஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் மூன்றாம் பருவம், 2006 செப்டம்பர் 21 அன்று என்பிசி தொலைக்காட்சியில் இந்த அத்தியாயத்துடன்தான் தொடங்கியது. மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக ஸ்டீவ் கரெல்லும், கணக்காளர் ஆஸ்கராக ஆஸ்கர் நுன்யெஸும் நடித்திருந்தனர். அந்த முத்தம் எழுத்துப்பிரதியில் இருந்ததன்று. படப்பிடிப்பின்போது கரெல் தாமாகச் செய்தது. ஆகவே, மற்ற நடிகர்களின் முகங்களில் தெரியும் திகைப்பில் பாதி உண்மையானது.

தொலைக்காட்சி நகைச்சுவையில் தன்பாலீர்ப்பாளர்கள் சித்திரிக்கப்படும் விதம் குறித்த விவாதங்களில் இக்காட்சி இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அது எல்லை மீறியது என்பவர்களும் உண்டு. சரியான இடத்தில் குத்தியது என்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் பொதுவான கேள்வி ஒன்றே: அங்கே கேலிப்பொருள் யார்?

அலுவலகம் ஏன் களமாகிறது?

'சிட்காம்' எனப்படும் சூழ்நிலை நகைச்சுவைத் தொடருக்கு, ஒரே மனிதர்கள் நாள்தோறும் சந்தித்துக்கொள்ளும் நிலையான ஓரிடம் தேவை. வீடு அதற்கு ஏற்றது. அலுவலகம் அதனினும் ஏற்றது. நண்பரைப் பிடிக்காவிட்டால் விலகிவிடலாம். ஆனால், பக்கத்து மேசைக்காரரைப் பிடிக்காவிட்டாலும் மாலை வரை அவரோடுதான் அமர்ந்திருக்க வேண்டும். சம்பளம் அந்த இருவரையும் ஒரே அறையில் கட்டிப்போடுகிறது.

இந்த அமைப்பில் எதிர்பால் ஈர்ப்புடைய சக ஊழியருக்கு ஒரு தனிப் பணி உண்டு. அவர் பெரும்பாலான பார்வையாளர்களின் பிரதிநிதி. பார்வையாளர் மனத்தில் எழக்கூடிய சங்கடம், அறியாமை, அசட்டு ஆர்வம் ஆகியவற்றை அவர் வாய்விட்டுச் சொல்கிறார். தொடர் அவரோடு சேர்ந்து சிரிக்கிறதா, அவரைப் பார்த்துச் சிரிக்கிறதா என்பதில்தான் வேறுபாடு அடங்கியுள்ளது.

சொல்லப்படாத காலம்

பிரிட்டனின் பிபிசி 1972 முதல் 1985 வரை ஒளிபரப்பிய 'ஆர் யூ பீயிங் சர்வ்டு?' தொடர், லண்டன் பல்பொருள் அங்காடி ஒன்றின் ஆடை விற்பனைப் பிரிவில் நிகழ்வது. அதில் ஆண்கள் ஆடைப் பிரிவில் பணியாற்றும் ஹம்ப்ரீஸ் என்ற பாத்திரத்தை ஜான் இன்மன் ஏற்றிருந்தார். நடை, குரல், இரட்டை அர்த்த வசனம் என அனைத்தும் ஒரு திசையையே சுட்டின. ஆயினும், அவர் தன்பாலீர்ப்பாளர் என்று தொடர் ஒருபோதும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சக ஊழியர்களும் கேட்பதில்லை. புருவத்தை உயர்த்துவதோடு சரி. அந்தப் புருவ உயர்வுக்குத்தான் அரங்கம் சிரித்தது. மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்ற இப்பாத்திரத்தை, தன்பாலீர்ப்பாளர் உரிமை ஆர்வலர்கள் அக்காலத்திலேயே கண்டித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் திருப்புமுனையாக அமைந்தது 'எல்லன்' தொடர். 1997 ஏப்ரல் 30 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில், புத்தகக் கடை நடத்தும் நாயகி, விமான நிலைய ஒலிபெருக்கி இயக்கத்தில் இருப்பதை அறியாமல் தான் தன்பாலீர்ப்பாளர் என்ற உண்மையைச் சொல்லிவிடுகிறார். நாயகியாக நடித்த எல்லன் டிஜெனரஸும் அதே காலத்தில் தம்மைப் பற்றிப் பகிரங்கமாக அறிவித்தார். சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர் அந்த அத்தியாயத்தைப் பார்த்தனர். ஆனால் சில விளம்பரதாரர்கள் விலகினர். தொடரின் முன்னால் எச்சரிக்கை வாசகம் இடம்பெறத் தொடங்கியது. அடுத்த ஆண்டே தொடர் முடிவுக்கு வந்தது. 1998 செப்டம்பரில் தொடங்கிய 'வில் அண்ட் கிரேஸ்' அவ்விதம் முடங்காமல் பல ஆண்டுகள் ஓடியது. அமெரிக்கப் பொதுமக்களின் மனமாற்றத்தில் அத்தொடருக்குப் பெரும் பங்கு உண்டு என்று, துணை அதிபராக இருந்த ஜோ பைடன் 2012-இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் கூறினார்.

இவற்றுக்கிடையே அதிகம் பேசப்படாத ஒன்று, 1996 முதல் 2002 வரை வெளியான 'ஸ்பின் சிட்டி'. நியூயார்க் மேயர் அலுவலகத்தில் நிகழும் இத்தொடரில், மேயர் வாய்தவறிச் சொன்ன ஒரு கருத்தால் எழும் சிக்கலைச் சமாளிக்க, தன்பாலீர்ப்பாளரும் உரிமை ஆர்வலருமான கார்ட்டர் பணியமர்த்தப்படுகிறார். பெண்களைக் குறித்து எந்நேரமும் கீழ்த்தரமாகப் பேசும் ஸ்டூவர்ட் அவருடைய சக ஊழியர். சண்டையிட்டுக்கொண்டே நெருங்கும் இருவரும் பின்னர் ஒரே வீட்டில் வசிக்கின்றனர். இந்த இணையில் கண்ணியமானவர் கார்ட்டர். நகைப்புக்கு ஆளாகிறவர் ஸ்டூவர்ட். பழைய கணக்கு இங்கே தலைகீழானது.

காவல் நிலையத்தில் ஒரு கேப்டன்

2013 செப்டம்பரில் தொடங்கிய 'புரூக்ளின் நைன்-நைன்' மேலும் ஒரு படி சென்றது. காவல் நிலையத்தின் புதிய கேப்டன் ரேமண்ட் ஹோல்ட், கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர். இவ்வேடத்தை ஏற்றவர், 2023 டிசம்பரில் காலமான ஆண்ட்ரே பிராவர். முந்தைய தொடர்களின் மரபுக்கு நேர் எதிராக, ஹோல்ட்டின் முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியாது. குரலில் ஏற்ற இறக்கம் இராது. நகைச்சுவை முழுவதும் அந்த இறுக்கத்திலிருந்தே பிறக்கிறது.

முதல் அத்தியாயத்திலேயே அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது வெளிப்படுகிறது. துப்பறிவதில் வல்லவர் என்று தன்னைக் கருதிக்கொள்ளும் ஜேக் பெரால்டாவுக்கு அது புலப்படவில்லை என்பதே அங்குள்ள வேடிக்கை. 1987 முதல் அதை மறைக்காமல் வாழ்ந்த ஹோல்ட்டுக்கு நிலையத் தலைமை ஏன் இத்தனை காலம் கிடைக்கவில்லை என்பதையும் தொடர் மூடி மறைக்கவில்லை. துறை அவரை மக்கள் தொடர்புப் பிரிவில் காட்சிப்பொருளாக அமர்த்தி, நற்பெயர் தேடிக்கொண்டது. நகைச்சுவைத் தொடர் ஒன்றின் தொடக்கத்தில் இவ்வளவு கசப்பான தகவலை வைத்தது துணிச்சலான முடிவு.

2017 டிசம்பரில், அதே நிலையத்தின் ரோசா டயஸ் தான் இருபாலீர்ப்பாளர் என்று சக ஊழியர்களிடம் அறிவிக்கிறார். கேள்விகளுக்கு அவர் ஒதுக்கும் நேரம் மிகச் சொற்பம். இவ்வேடத்தில் நடித்த ஸ்டெஃபனி பியாட்ரிஸும் இருபாலீர்ப்பாளரே. பெற்றோரிடம் சொல்லச் செல்லும்போது ரோசாவுடன் துணைக்குப் போகிறவர் ஜேக். முதல் அத்தியாயத்தில் எதையும் கவனிக்காதவர், ஐந்தாம் பருவத்தில் அருகே அமர்ந்திருக்கிறார். சக ஊழியர் என்ற பாத்திரம் அடைந்த மாற்றத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது.

மீண்டும் ஆஸ்கரின் மேசை

'தி ஆஃபீஸ்' இவ்வளவு நேர்த்தியான மனிதர்களைக் காட்டவில்லை. மைக்கேல் தீயவர் அல்லர். தன்னை நல்லவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பே அவரது சிக்கல். அந்தத் தவிப்புக்கு ஆஸ்கரின் தனியுரிமை பலியாகிறது. யாரிடம், எப்போது சொல்வது என்பது ஆஸ்கர் மட்டுமே எடுத்திருக்க வேண்டிய முடிவு. அதே கணக்குப் பிரிவில், மதப்பற்று மிகுந்த ஏஞ்சலா முகம் சுளிக்கிறார். கெவின் அடக்க மாட்டாமல் சிரிக்கிறார். ஆஸ்கர் அவர்களிடையே அமர்ந்து கணக்கு எழுதுகிறார். நிறுவனம் மீது வழக்குத் தொடராமல் இருப்பதற்காக, இறுதியில் அவருக்கு மூன்று மாத ஊதிய விடுப்பும் ஒரு காரும் வழங்கப்படுகின்றன.

நிறுவனத்தின் அந்த அச்சத்தில் ஒரு முரண் உண்டு. மேலாளர் முத்தமிட்டது வேறு வகைப் புகாராகலாம். ஆனால், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஒருவர் பாகுபடுத்தப்படுவதையோ பணிநீக்கம் செய்யப்படுவதையோ தடுக்கும் தெளிவான பாதுகாப்பு 2006-இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. கதை நிகழும் பென்சில்வேனியா மாநிலச் சட்டத்திலும் இல்லை. 2020 ஜூன் 15 அன்றுதான், போஸ்டாக் வழக்கில், 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தன்பாலீர்ப்பாளர்களுக்கான சாஃப்ட்பால் விளையாட்டு அணியில் சேர்ந்த பின்னர் வேலையிழந்த, ஜார்ஜியா மாநிலத்தின் மாவட்ட (கவுண்டி) நிர்வாக ஊழியரே அந்த வழக்கின் மனுதாரர்களுள் ஒருவர். நகைச்சுவைத் தொடர், சட்டத்தைவிடச் சுமார் 14 ஆண்டுகள் முன்னால் இருந்தது எனலாம்.

ஒன்பதாம் பருவத்தில் மணவாழ்வு முறிந்து, வீட்டையும் இழக்கும் ஏஞ்சலாவுக்குத் தம் வீட்டில் இடமளிப்பவர் ஆஸ்கர். அந்த மணமுறிவுக்கு, ஏஞ்சலாவின் கணவருடன் ஆஸ்கர் கொண்டிருந்த உறவும் காரணம் என்பதால், இதை வெறும் பெருந்தன்மை என்று ஒதுக்கிவிட இயலாது.

இந்தியாவில் நிலை என்ன?

இந்தியத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் பெண் வேடமிட்ட ஆண் நீண்டகாலமாகச் சிரிப்புக்கான கருவியாக இருந்து வருகிறார். ஓர் அலுவலகத்தில் வேலை செய்து, மாலையில் தம் துணையிடம் திரும்பிச் செல்லும் தன்பாலீர்ப்பாளரைக் காண்பது அரிது. 2019-இல் வெளியான 'மேட் இன் ஹெவன்' இணையத் தொடர், திருமண ஏற்பாட்டு நிறுவனம் நடத்தும் கரண், அவரது தொழில் கூட்டாளி தாரா ஆகியோர் வழியாக அதைக் காட்டியது. எனினும் அது நகைச்சுவைத் தொடர் அன்று.

சொற்களிலும் இதே தயக்கம் நிலவியது. தமிழ்ச் செய்திகளில் நெடுங்காலம் வழங்கிய 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல், மனிதரைவிட உடலுறவையே முன்னிறுத்தியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடைபெற்ற வழக்கைத் தொடர்ந்து, மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. 'தன்பாலீர்ப்பு' போன்ற சொற்கள் அதன் பின்னரே செய்திகளில் பரவலாயின.

வயதுவந்தோர் விருப்பத்துடன் கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. தன்பாலினத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளிக்க 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது. பணியிடப் பாகுபாட்டைப் பொறுத்தவரை, 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் திருநர்களுக்குப் பொருந்தும். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் அமர்ந்திருக்கும் தன்பாலீர்ப்பாளருக்கு அத்தகைய தனிச் சட்டம் இல்லை. அவருக்கு இருப்பது, அந்நிறுவனம் தானாக வகுத்துக்கொண்ட கொள்கை மட்டுமே. அதுவும் சில நிறுவனங்களில்தான் உண்டு.